அர்பன் பிளைட்: நகர்ப்பாழும் பற்றைக்காணியும்

வீடுகள் பூட்டிக் கிடந்து, கடைகள் இடிந்து, தெருவில் பாதி வளவுகளில் ஆளில்லாமல் போகும் நிலையை நகரத் திட்டமிடல் அறிக்கைகள் 'அர்பன் பிளைட்' (urban blight) என்கின்றன.

'பிளைட்' முதலில் பயிர்நோயின் பெயர். 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைக் கருக்கியது இந்த நோய்தான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் திட்டமிடலாளர்கள் அதை நகரத்துக்கு எடுத்துவந்தார்கள். நோய் என்று பெயர் வைத்துவிட்டால் வெட்டி எறிவது சுலபம். வாஷிங்டனில் ஒரு பகுதியையே இடித்துக் கட்ட அரசு காணி எடுத்தபோது, நல்ல நிலையில் இருக்கும் எங்கள் கடையை ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அதனால் 'நகரக் கருகல்' போன்ற மொழிபெயர்ப்புகள் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையின் வடக்கில், போர் நடந்த வன்னிக்கு அது பொருந்தவே பொருந்தாது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கூரையில்லாமல் நின்ற வீடுகள் நோயில் பட்டுப்போனவை அல்ல, போரில் அழிக்கப்பட்டவை.

தமிழில் 'பாழ்' இருக்கிறது. பகைவரின் கோட்டைக்குள் தேரோடிய தெருக்களைக் கழுதை பூட்டி உழுத பாண்டியனிடம், 'பாழ்செய்தனை' என்கிறது புறநானூற்றின் 15ஆம் பாட்டு. செய்தவன் யார் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. என் தேர்வு 'நகர்ப்பாழ்'.

தனி ஒரு காணி என்றால் வன்னியில் 'பற்றைக்காணி', பேச்சில் 'பத்தைக்காணி'. பற்றை என்றால் புதர். நுளம்பு, பாம்பு என்று அயலவர் முறையிட, துப்பரவாக்கச் சொல்லிப் பிரதேச சபை அறிவித்தல் போடும். சொந்தக்காரர் எங்கே என்று கேட்டால் 'ஆள் வெளியில' என்பார்கள். அது கனடாவாகவோ சுவிஸாகவோ இருக்கலாம். சிலர் எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது; அவர்கள் பெயரில் மரணச் சான்றிதழும் இல்லை.

பற்றையை ஜேசிபி வழித்துவிடும். காணியின் எழுத்து வேலை அப்படி முடியாது. கிளிநொச்சி குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்த ஊர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகளை நினைத்தபடி விற்கவோ துண்டாக்கவோ முடியாது. உறுதிக்காணியில், அதாவது பத்திரம் உள்ள தனியார் காணியில், வேறு பயம். சொந்தக்காரருக்கு எதிராகப் 10 வருடம் தடையின்றி அதை வைத்திருந்தவர் ஆட்சியுரிமை கேட்க 1871ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. சரி, போரால் ஊர்விட்டு ஓடியவர் என்ன செய்வார்? அவர்களுக்காக வந்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கியது.

அப்புறம் 'ரிவைட்டலைசேஷன்'. அறிக்கைகள் அதைப் 'புத்துயிரூட்டல்' என்கின்றன. 'மீள்குடியிருத்தல்' என்றால் அதில் ஆள் தெரியும். வன்னியில் அது பெரும்பாலும் 'காணி பார்க்க ஆள் விட்டிருக்கு' என்பதில்தான், அதாவது காணியைப் பராமரிக்க ஒரு குடும்பத்தைக் குடிவைப்பதில்தான் தொடங்குகிறது. வாய்ப்பேச்சோடு நிற்காமல் சொந்தக்காரர் அந்த அனுமதியை எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவர், அந்த இருப்பை மட்டும் வைத்து ஆட்சியுரிமை கேட்க முடியாது. இருக்கிற குடும்பத்துக்கும் நாளைக்கே எழும்பச் சொல்வார்களோ என்ற பயம் குறையும்.