கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர்?

போன வருடம் காசிமேட்டில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஏலத்தில் மீன் எடுத்து விற்கிற ஒரு அக்கா, 12 வருடத்துக்கு முன்னால் கடன் வாங்கிக் கட்டிய மாடி வீடு. விடியற்காலையில் சன்ஷேடிலிருந்து பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து, அவர் தினமும் கூடையை இறக்கி வைக்கிற இடத்திலேயே விழுந்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஏணி போட்டு ஏறிச் சுத்தியலால் தட்டினால் பாதிக்கு மேல் பொத்தல் சத்தம். உடைத்துப் பார்த்தேன், மேலே இருக்க வேண்டிய கம்பி, கான்கிரீட் போட்ட அன்று மிதிபட்டு அடிக்கு இறங்கியிருக்கிறது, அதற்குக் கீழே இருந்த கவர், அதாவது கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட்டின் கனம், என் கட்டைவிரல் நக அகலம்கூட இல்லை. 8 எம்.எம். கம்பி சில இடத்தில் ஆணி மாதிரி மெலிந்திருந்தது.

"கடக்காத்து சார், இன்னா பண்றது" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் அப்படிச் சொல்லலாம். அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவரும், கம்பி கட்டும்போது நின்று பார்த்திருக்க வேண்டியவரும் நம் தொழில்காரர்களான இன்ஜினியர்கள், நாம் அப்படிச் சொல்ல முடியாது.

கான்கிரீட்டுக்குள் இருக்கிற காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். கடல் காற்றில் வருகிற உப்பு, நுண்துளைகள் வழியே மெதுவாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது, துரு ஆரம்பிக்கிறது. துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும், அதனால்தான் கம்பி ஓடுகிற நீளத்துக்கே விரிசல் விட்டு அப்புறம் துண்டு துண்டாக விழுகிறது. உப்பு கம்பியைப் போய்ச் சேர 10 வருடம் ஆகுமா 40 வருடம் ஆகுமா என்பது பெரும்பாலும் கவர் எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரத்தில் வேலை எடுக்கிறவர்கள் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000-ல் சூழல், கவர் பற்றிய அட்டவணைகளை ஒருமுறை திறந்து பாருங்கள். கடலோரச் சூழலுக்கு நேராக நிற்கிற கான்கிரீட் 'சிவியர்' (கடுமையான) வகை: குறைந்தது எம்30 தரக் கான்கிரீட் (எண் கூடினால் பலம் கூடும்), கவர் 45 மி.மீ., தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது. அலைத் தூறல் படுகிற இடமென்றால் எம்35, 50 மி.மீ. உப்புக் காற்று நேராகப் படாத உள்பக்கத்துக்கே எம்25, 30 மி.மீ. கேட்கிறது. ஆனால் இங்கே என் கைக்கு வருகிற வரைபடங்களில் பாதிக்கு மேல், எம்20, ஸ்லாப் கவர் 20 என்று வேறு ஏதோ ஊர் வேலையிலிருந்து எடுத்து ஒட்டிய குறிப்புதான் இருக்கிறது.

கவரைச் சைட்டில் வந்து கூட்டிக்கொள்ளவும் முடியாது. 5 அங்குல ஸ்லாபில் 20 விட்டால் கம்பியின் நடுவுக்கு மேலே சுமார் 100 மி.மீ. ஆழம் கிடைக்கும், 45 விட்டால் 75 தான், ஸ்லாபின் பலமே குறைந்துவிடும். அதனால் கனத்தைக் கணக்குப் போடும்போதே கவரையும் முடிவு செய்துவிடுங்கள். தூணும் அப்படியே. அரை கிரவுண்டு மனையில் தூண் சுவருக்குள் மறைய வேண்டும் என்று 9 அங்குலம் கேட்பார்கள். இரண்டு பக்கமும் 45 போனால், மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கின் வெளி அகலத்துக்கு மிஞ்சுவது 140 மி.மீ., அதற்குள் மெயின் கம்பி, கம்பியோடு கம்பி சேர்கிற ஒட்டு எல்லாம் நுழைய வேண்டும். வீட்டுக்காரரிடம் படம் வரைந்து காட்டிப் பேசினால் தூணை 12 அங்குலமாக்க ஒப்புக்கொள்கிறார்கள், என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சைட்டில் நான் முதலில் பார்ப்பது, கவரை எதிலிருந்து அளக்கிறார்கள் என்று. மெயின் கம்பியிலிருந்து அளந்துவிட்டு "நாப்பத்தஞ்சு இருக்கு சார்" என்பார்கள். கணக்கு வெளியே இருக்கிற ரிங்கிலிருந்துதான். அப்புறம் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லி, டைல்ஸ் துண்டு, சில இடத்தில் கம்பித் துண்டையே வைத்திருப்பார்கள்; கம்பித் துண்டு வைத்தால் துருவுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. கட்டுக்கம்பி முனைகளை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். சன்ஷேடு, பால்கனியில் மேல்பக்கக் கம்பியைத் தாங்க சேர் என்கிற வளைத்த கம்பித் தாங்கி போட்டு, ஆட்கள் நடக்கப் பலகை போடாமல் கான்கிரீட் ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 0.45 விகிதம் என்றால் 22.5 லிட்டர், மணலில் இருக்கிற ஈரமும் இதில் சேர்த்தி. கலவை ஓடவில்லை என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றினால் அத்தனையும் பின்னால் காய்ந்து உப்பு நுழைகிற துளையாகிறது. தண்ணீர் கூட்டாமலே கலவையை ஓட வைக்கிற பிளாஸ்டிசைசர் வாங்கி வையுங்கள். தண்டையார்பேட்டையில் என் சொந்த சைட்டிலேயே நடந்தது இது: கலவைக்கு நல்ல தண்ணீர் லாரி வந்தது, நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், மறுநாள் பார்த்தால் க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைக்க, ஸ்லாப் மேல் பாத்தி கட்டி போர் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுதான் வரம்பு, பரிசோதித்ததில் அதைப்போலப் பல மடங்கு வந்தது. அன்று வடித்துவிட்டுக் கழுவினோம், தப்பு என்னுடையதுதான், மேஸ்திரியிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது தண்ணீர் ரிப்போர்ட் வராமல் அஸ்திவாரம் தொடுவதில்லை, க்யூரிங் தண்ணீரையும் எஸ்டிமேட்டில் தனி வரியாகக் காட்டிவிடுகிறேன். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு க்யூரிங் 10 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 14 நாள்.

ஏற்கனவே பெயர்ந்த இடத்தில் பூச்சு பூசி பெயிண்ட் அடிப்பது வீட்டுக்காரரை ஏமாற்றுகிற வேலை. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுத்தமாக நீக்கி, மெலிந்த கம்பிக்குப் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். பக்கத்துக் கான்கிரீட்டில் உப்பு ஏறியிருந்தால், ஒட்டுப் போட்ட இடத்தை ஒட்டியே அடுத்த துரு வேகமாகக் கிளம்பும், அதனால் எவ்வளவு தூரத்துக்கு உப்பு போயிருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் எல்லையை முடிவு செய்ய வேண்டும்.

அந்த அக்கா வீட்டில் கடல் பார்த்த பக்கத்து மூன்று சன்ஷேடையும் முழுசாக எடுத்துவிட்டு எம்30-ல் புதிதாகப் போட்டோம். அவருக்கு அது இரண்டாவது கடன். அதே தெருவில் இப்போது இன்னொரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், ஸ்லாப் கவர் 20 என்றே இருந்தது. போட்ட இன்ஜினியரின் நம்பர் வாங்கிப் பேசினேன், மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.