மாரி விருந்தாளிகள் நம் குறுணலை ஏன் தொடுவதில்லை

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் நம் உறவினர்கள் டிசம்பர் பிறந்ததும் அனுப்பும் படங்களில் ஒரு வகை தவறாமல் இருக்கும். பனி மூடிய கொல்லை, கம்பியில் தொங்கும் தீனிக்கூண்டு, அதில் சூரியகாந்தி விதை எடுக்கும் உருண்டையான சிட்டு. படத்தைப் பார்த்துவிட்டு இங்கே திருகோணமலையில், உவர்மலையிலோ பாலையூற்றிலோ ஒருவர் தம் வளவிலும் ஒரு தட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குறுணல் அரிசியும் தினையும் போட்டு வைக்கிறார். ஒரு கிழமைக்குள் வந்து சேர்பவை காகம், மைனா, அணில். நேரம் சரியில்லை என்றால் குரங்கு. மாரிக்குச் சைபீரியாப் பக்கமிருந்து வலசை வந்த கீச்சான் குருவியோ பக்கத்துத் தேசி மரத்தில் இருந்தபடி அந்தத் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

கீச்சானைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தீனித்தட்டு குளிர்நாட்டின் நீண்ட இரவுக்காக ஏற்பட்ட ஏற்பாடு. அந்த இரவில் ஒரு சிட்டுக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்தால், நம் ஊரில் அதே தட்டு ஏன் வேறு விதமாக வேலை செய்கிறது என்பதும் விளங்கிவிடும்.

ரொறன்ரோத் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் கருந்தொப்பிச் சிட்டின் எடை ஏறத்தாழ 11 கிராம். பகலில் அதன் உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல். வெளியே மறை 15 பாகை என்றால், இறகுப் போர்வைக்கு உள்ளும் வெளியும் 55 பாகை வித்தியாசம். உடல் எவ்வளவு சிறிதோ, அதன் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அவ்வளவு பெரிது. அண்டாவில் வடித்த சோறு மத்தியானம் வரை சூடாக இருக்க, கிண்ணத்தில் போட்ட சோறு பத்து நிமிடத்தில் ஆறிவிடுவதும் இதனால்தான். ஆகவே சிட்டு இரவு முழுவதும் எரிபொருளை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொறன்ரோவில் டிசம்பர் பிற்பகுதியின் பகல் 9 மணி நேரம்தான். ஒஸ்லோவில் 6 மணி நேரம்கூட இல்லை. அந்தச் சிறு பகலுக்குள் தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, விடிவதற்குள் அதில் பெரும்பகுதியை எரித்துவிடுகிறது. அது போதாத இரவுகளில் இன்னொரு தந்திரமும் உண்டு: தன் உடல் வெப்பத்தை 10 பாகைக்கும் மேல் தானே இறக்கிக்கொண்டு உறங்குகிறது. மனிதனின் வெப்பம் அப்படி இறங்கினால் உயிர் பிழைப்பதே அரிது.

ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். மாப்பொருளும் புரதமும் 4 தான் தரும். குளிர்நாட்டார் சூரியகாந்தி விதையையும் மாட்டுக் கொழுப்பையும் தொங்கவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. பலன் இருக்கிறதா என்பதை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1980களில் சோதித்துப் பார்த்தார்கள். தீனி கிடைத்த சிட்டுகளில் 69 சதவீதமும், கிடைக்காதவற்றில் 37 சதவீதமும் குளிர்காலத்தைத் தாண்டின. வித்தியாசம் பெரும்பாலும் கடுங்குளிர் விழுந்த மாதங்களில் மட்டுமே தோன்றியது என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது. குளிர் கடுமையாக இல்லாதபோது தட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிட்டுக்குப் பெரிய மாற்றமில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மிகக் குறுகிய நாளிலும் இங்கே பகல் 11 மணி 40 நிமிடத்துக்குச் சற்றுத்தான் குறைவு. தை மாத இரவிலும் வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. வாடைக்காற்றில் போர்த்துக்கொண்டு தேநீர் கேட்பது நாம்தான். குருவிக்கு அது குளிரே இல்லை. அதோடு, ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் இங்கே கொட்டுகிறது. ஆறு மாதம் காய்ந்து கிடந்த நிலம் நனைந்ததும் புல் முளைக்கிறது, மண்புழு மேலே வருகிறது, புழுவும் வண்டும் பெருகுகின்றன. முதல் பெருமழைக்குப் பிந்திய மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதைக் கவனியுங்கள். கொழுப்பு நிறைந்த அந்த இரைக்கு இரட்டைவால் குருவியிலிருந்து காகம் வரை எல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிடும். வடக்கில் பூச்சிகள் பனிக்குள் மறையும் அதே மாதங்களில் இங்கே பூச்சிகளுக்கு அறுவடைக் காலம். வலசைப் பறவைகள் குளிருக்குப் பயந்து ஓடிவருகின்றன என்று பொதுவாகச் சொல்வோம். அதைவிட, வயிற்றைத் தொடர்ந்து வருகின்றன என்பது சரி. விதையும் கொழுப்பும் கிடைத்தால் அந்தப் 11 கிராம் சிட்டு மறை 15 பாகையிலும் ஊரைவிட்டு அசைவதில்லையே.

வடக்கே புறப்படும் நேரத்தை அவை அறிவது பகலின் நீளத்தைக் கொண்டு. பறவையின் மூளையின் ஆழத்தில் ஒளியுணரும் கலங்கள் உண்டு; மண்டை ஓட்டை ஊடுருவி வரும் வெளிச்சத்தையே அவை அளக்கின்றன, கண்ணின் உதவிகூடத் தேவையில்லை. பகல் நீள நீளப் பசி பெருகுகிறது, கொழுப்பு ஏறுகிறது, இரவில் அமைதியின்மை தொற்றிக்கொள்கிறது. சரி, பகல் பெரிதாக மாறாத திருகோணமலையில் இருந்துகொண்டு, பங்குனி வந்துவிட்டது என்று கீச்சானுக்கு எப்படித் தெரியும்? இதற்கான விடையைத் தேடியவர்களில் முக்கியமானவர் ஜேர்மனியின் எபர்ஹார்ட் குவின்னர். ஆண்டு முழுவதும் 12 மணி வெளிச்சம், 12 மணி இருள் என்று மாறாத அறையில் அவர் வலசைக் குருவிகளை வளர்த்தார். வெளியுலகின் பருவம் எதுவும் தெரியாமலே அவை உரிய முறையில் இறகு உதிர்த்தன, இரவில் சிறகடித்தன. அந்தச் சுழற்சி ஓர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான கால அளவில் திரும்பத் திரும்ப வந்தது. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. சூரியன் அதைச் சரிபார்த்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

வந்த விருந்தாளிகளில் வளவுக்குள் எளிதில் அகப்படுபவர் பழுப்புக் கீச்சான். செப்டெம்பரில் வந்து இறங்கியதும் ஒரு தோட்டத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, விடியற்காலையில் கரகரத்த குரலில் மற்றக் கீச்சான்களை விரட்டும். குரல் இனிமை அல்ல. அலாரம் வைக்காமல் எழும்ப உதவும். கண்ணில் கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. வெட்டுக்கிளி, வண்டு, சில வேளை ஓணான் குஞ்சு என்று வேட்டையாடிப் பிழைக்கும் பறவைக்குத் தினை எதற்கு? பிடித்த இரையை முள்ளில் குத்தி வைக்கும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு என்பதால் தேசி மரத்தை நெருங்கிப் பார்ப்பது வீண் போகாது. காலில் வளையமிட்ட கீச்சான்கள் அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் வேலியில் இந்த ஆண்டும் இருப்பது போன மாரியில் வந்த அதே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு.

ஆறுமணிக்குருவியின் கதை வேறு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு வைத்துவிட்டு, இரவில் பறந்து ஒக்டோபர் அளவில் வந்து சேர்கிறது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த வாலடி. இத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு நிழலில் சருகு கிளறித் திரிவதால் பலர் அதை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. இரண்டு அசையில் விசிலடிக்கும் குரலை விடியற்பொழுதிலும் அந்தியிலும் கேட்டுப் பிடிக்கலாம். இரவில் பறக்கும் பறவைகளை வெளிச்சம் திசைதிருப்பிவிடும். களைத்த ஆறுமணிக்குருவி ஜன்னல் கண்ணாடியில் மோதி முற்றத்தில் விழுந்து கிடப்பதும், வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுவதும் அந்த மாதத்தில் நடப்பவை. துளை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் தானே தேறிவிடும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இதே சருகில் கொடிக்கால் வாலாட்டியும் வரும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் உடலோடு சேர்த்து ஆட்டும். நீண்ட வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் ஆண் ஒன்று தெரிந்தால் அது இந்தியாவிலிருந்து வந்தது. இலங்கையிலேயே வாழும் கிளையின் ஆண்கள் செம்பழுப்பாகவே இருப்பவை. மின்கம்பியில் வரிசையாக இருக்கும் தகைவிலான்களைச் சொல்லவே வேண்டாம்.

இவர்கள் எல்லோருடைய சாப்பாட்டையும் பாருங்கள்: பூச்சி, புழு, நத்தை. கடையில் வாங்கித் தட்டில் வைக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. அவர்களுக்குப் பரிமாற விரும்புகிறவர் செய்ய வேண்டியது, சிலவற்றைச் செய்யாமல் இருப்பது. காலையில் வளவு கூட்டிச் சருகைக் குவித்து நெருப்பு வைப்பது நம் வீடுகளின் நித்திய கடமை. முன்முற்றத்தைக் கூட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? கிணற்றடிக்குப் பின்னால், மாமரத்துக்குக் கீழே, ஒரு மூலைச் சருகை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். மழையில் ஊறி மட்கும் அந்தச் சருகுதான் ஆறுமணிக்குருவியின் தீனித்தட்டு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிக்கும் கையையும் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கும். தானியம் தின்னும் அடைக்கலாங்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது.

அப்படியானால் தட்டே வேண்டாமா? வைக்கலாம், நிலையாக இங்கே வாழும் பறவைகளுக்கு. குறுணலுக்கும் தினைக்கும் அடைக்கலாங்குருவியும் புள்ளிப்புறாவும் வரும். பழுத்த பப்பாசியை வெட்டிக் கிளையில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் குக்குறுவானும் வரும். தேன்சிட்டுக்குச் செவ்வரத்தை போதும். கறிவேப்பிலை மரத்தைக் காய்க்க விட்டால் அதன் கறுத்த பழத்துக்கு நடக்கும் சண்டையைப் பார்க்கலாம். உப்புப் போட்ட எதையும் வைக்க வேண்டாம். மிச்சப் பாண் வயிற்றை நிரப்புமே தவிர ஊட்டமில்லை. விரதநாளில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வழக்கம், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் நாள்தோறும் மதிலில் மிச்சச் சோற்றைக் குவிப்பது காகப் பண்ணை நடத்துவதுதான். பெருகிய காகம் புலுனியின் முட்டையையும் கொண்டைக்குருவியின் குஞ்சையும் தேடித் தின்னும்.

மாரியில் தட்டு வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து ஈரம். நனைந்த தானியத்திலும் கச்சானிலும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது குற்றவாளி அவற்றுக்குப் போட்ட கச்சான் பிண்ணாக்கு. அந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததே அப்படித்தான். கூரை உள்ள தட்டில், ஒரு வேளையில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போட்டு, மீதியை அன்றே கொட்டிவிட வேண்டும். தட்டைக் கழுவாவிட்டால் நோய் வேறு. பிரித்தானியாவில் 2005 முதல் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பச்சைச் சிட்டுகளிடையே பரவியது. ஒரே தட்டில் பல பறவைகள் வாய் வைத்ததும் அதற்கு வழி அமைத்தது. எங்கும் நிறைந்திருந்த அந்தப் பறவை 2021இல், ஆபத்தில் உள்ள பறவைகளைக் குறிக்கும் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்த ஒட்டுண்ணி வழக்கமாகக் குடியிருப்பது புறாக்களின் தொண்டையில். புறா வரும் தட்டுக்குச் சோம்பல் ஆகாது.

பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. விடிந்து இரண்டு மணி நேரம், ஒரே ஜன்னல், ஒரு கொப்பி. தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 என்று போட்டதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் வில்லை. 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5 மில்லிமீற்றர் சொச்சம் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். மரநிழலின் மங்கலுக்கு அது தேவைப்படும். முதல் கீச்சான் கத்திய திகதியையும் கடைசியாகக் கத்திய திகதியையும் குறித்து வைத்தாலே அது தரவு. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஈபேர்ட் தளத்தில் 2002 முதல் இத்தகைய குறிப்புகள் சேர்ந்துவருகின்றன. யாரும் அதில் எழுதலாம்.

நம் பறவைகளுக்கு உண்மையான நெருக்கடி மாரி கழிந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வருகிறது. தென்மேற்கு மழை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிட, ஈரம் இழந்த சூடான காற்று நம் பக்கம் இறங்குகிறது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து இளைத்து, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலை ஆற்றுகிறது. ஆவியாகும் ஒவ்வொரு துளியையும் திரும்பக் குடித்தாக வேண்டும். ஒஸ்லோச் சிட்டுக்குக் கொழுப்பு எதுவோ, திருகோணமலைப் புலுனிக்குத் தண்ணீர் அது. நான் ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் தானியத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை வைப்பேன்.

மூன்று சென்றிமீற்றருக்கு மேல் ஆழமில்லாத மண்சட்டி, நடுவில் ஒரு கல். அதை மறந்துவிட்டால் நுளம்பு வளர்ப்போம். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் ஆகும் என்பதால் தினமும் தண்ணீர் மாற்றினால் அது நடக்காது. ஆனால் முட்டை சட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். ஆகவே கொட்டினால் போதாது, தேங்காய்த் தும்பால் விளிம்பைத் தேய்க்க வேண்டும். பூனை பதுங்கப் புதரில்லாத இடத்தில், மனிதர் நெஞ்சுயரத்துக்கு மேல் கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் வைத்தால் நகரத் தெருக்களில் திரியும் புள்ளிமான்கள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விடும். அவற்றுக்கு வேண்டுமானால் வாசலில் ஒரு வாளி தனியாக வையுங்கள்.