நெட் விட்டு விட்டு வருகிறதா? ஓஎஸ்ஸை அழிக்கும் முன் லிங்க்கைப் பாருங்கள்

ராஸ்பெர்ரி பை, ஆரஞ்சு பை போன்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளில் ஓடும் அமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில். இதில் ஓயாமல் வரும் புகார் ஒன்று உண்டு: "வைஃபைகூட இல்லைங்க, லான் கேபிள்தான் போட்டிருக்கேன், ஆனாலும் நெட் விட்டு விட்டு வருது." அது என்னிடம் வந்து சேர்வதற்குள் ஓஎஸ்ஸை மறுபடி போட்டிருப்பார்கள், ரவுட்டரை மாற்றியிருப்பார்கள், கடைசியில் பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகாவிட்டால் போர்டையே ரீபூட் செய்யும் ஒரு ஸ்கிரிப்டை எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் சொருகியிருப்பார்கள்.

அந்த ஸ்கிரிப்ட்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மற்றதெல்லாம் நேர விரயம், அவ்வளவுதான். ஆனால் இது தடயத்தை அழிக்கிறது. எஸ்டி கார்டு தேயாமல் இருக்கப் பல ஓஎஸ் இமேஜ்கள் லாக்கை (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவை) ரேமில்தான் வைத்திருக்கின்றன. திடுமென ரீபூட் ஆனால் இணைப்பு அறுந்த நொடியில் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சொன்னதெல்லாம் போய்விடும். போர்டு உடனே திரும்பி வந்துவிடுவதால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்ற எண்ணமும் வந்துவிடும். அந்த ஸ்கிரிப்ட் இருந்தால் முதலில் அதை நிறுத்திவிட்டுப் பிரச்சினையை வர விடுங்கள்.

வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அறுந்தது எது? போர்டுக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் இடையிலான லிங்க்கே விழுந்ததா, லிங்க் இருந்து ஐபி போனதா, ஐபியும் இருந்து பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்ததா? டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்துக் கர்னல் லாக்கைப் பாருங்கள். 'லிங்க் இஸ் டவுன்', சில நொடியில் 'லிங்க் இஸ் அப்' என்று ஜோடி ஜோடியாக வரி இருந்தால் அது மின்சாரம், கேபிள், சுவிட்ச், போர்டில் உள்ள ஈதர்நெட் (லான்) சிப், அதன் டிரைவர் இவற்றில் ஒன்று. அந்த நிலையில் ஃபயர்வாலையும் ஐபி செட்டிங்கையும் நோண்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை. அப்படி ஒரு வரியும் இல்லையென்றால்தான் மேலே ஏறி ஐபி, டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

லிங்க் விழுகிறது என்றால் நான் முதலில் தொடுவது லான் கேபிளை அல்ல, பவர் அடாப்டரை. ராஸ்பெர்ரி பை 3பி வரையிலான மாடல்களில் ஈதர்நெட்டும் யூஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே சிப்பில்தான் இருக்கின்றன, அந்தச் சிப் பிராசஸரோடு பேசுவதும் ஒரே யூஎஸ்பி 2.0 வழியாகத்தான். 2018ல் வந்த 3பி பிளஸ்ஸில் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று போட்டிருந்தாலும் 300 எம்பிபிஎஸ்ஸைச் சுற்றித்தான் வேகம் நின்றதற்கும் இதுதான் காரணம். 2019ல் வந்த பை 4ல்தான் ஈதர்நெட்டுக்குத் தனி வழி கிடைத்தது. ஆக, பழைய மாடல்களில் யூஎஸ்பியில் மின்னழுத்தம் தடுமாறினால் நெட்டும் சேர்ந்தே தடுமாறும்.

ஒரு இடத்தில் தினமும் இரவில் மட்டும் இணைப்பு அறுந்தது. எல்லோரும் ரவுட்டரைத்தான் சந்தேகப்பட்டார்கள். லாக்கில் லிங்க் விழுந்த நேரத்தையும் பேக்கப் தொடங்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. பேக்கப்புக்காக யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்குகிறது, அது இழுக்கும் கரண்டில் மின்னழுத்தம் சரிகிறது, ஈதர்நெட் சிப் ரீசெட் ஆகிறது. டிஸ்க்கைத் தனி பவர் உள்ள ஹப்பில் மாட்டியதும் புகார் நின்றது.

கணக்கும் எளிதுதான். சார்ஜர் கேபிளில் போக வர மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 5 வோல்ட் அடாப்டர் போர்டுக்குக் கொடுப்பது 4.6 வோல்ட். ராஸ்பெர்ரி பை 'வோல்டேஜ் குறைவு' என்று எச்சரிப்பது சுமார் 4.63 வோல்ட்டில். அதன் அதிகாரப்பூர்வ அடாப்டர்கள் 5.1 வோல்ட் தருவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். போன் சார்ஜரில் '3 ஆம்பியர்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், கேபிளும் தடிமனாக, குட்டையாக இருக்க வேண்டும். திரை மாட்டியிருந்தால் மின்னல் குறி தெரியும். இல்லாவிட்டால் விசிஜென்சிஎம்டி கருவியிடம் 'கெட் த்ராட்டில்டு' கேளுங்கள். பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்தால் வோல்டேஜோ சூடோ எப்போதோ எல்லை தாண்டியிருக்கிறது. ரீபூட் ஆனால் இந்தப் பதிவும் அழிந்துவிடும். அந்த ஸ்கிரிப்டை நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

பவர் சரியாக இருந்தால் அடுத்தது கேபிள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி வயர் போதும்: 1, 2 மற்றும் 3, 6 பின்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு வயர் அரைகுறையாகப் பிடித்திருந்தால் பழைய 100 எம்பிபிஎஸ் போர்டில் அந்தக் கேபிள் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கும், புது ஜிகாபிட் போர்டில் மாட்டிய அன்றே தகராறு செய்யும். அப்போது "புது போர்டு சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், பாவம் அந்த போர்டு.

இதைவிடப் பிடிபடாத தவறு ஒன்று இருக்கிறது. கையால் கிரிம்ப் செய்பவர்கள் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துபவர்கள்) சிலர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக எட்டு வயரையும் சொருகிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால் விலை குறைந்த டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும், கேபிள் பாஸ். ஆனால் ஈதர்நெட்டுக்கு 3ம் 6ம் ஒரே முறுக்கில் வர வேண்டும். இந்த வரிசையில் 3ல் பச்சை ஜோடியின் வயர், 6ல் நீல ஜோடியின் வயர். முறுக்கு இருப்பதே இரைச்சலைக் கழிப்பதற்குத்தான். ஜோடி பிரிந்துவிட்டால் பக்கத்து ஜோடியின் சிக்னல் இதற்குள் கசியும். ஒரு மீட்டர் கேபிளில் தெரியாது, நீளம் கூடக் கூடப் பாக்கெட் விழ ஆரம்பிக்கும். கண்ணாடி போன்ற அந்தப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நிற வரிசையைப் பாருங்கள்: பச்சை ஜோடி நீல ஜோடிக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும் (டி568ஏ என்ற நிற வரிசையில் செய்திருந்தால் அந்த இடத்தில் ஆரஞ்சு ஜோடி). அருகருகே நின்றால் வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஈத்டூல் கருவியை ஓட்டுங்கள். வேகம், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசினால் ஃபுல், மாறி மாறிப் பேசினால் ஹாஃப்) இரண்டையும் காட்டும். பிழை எண்ணிக்கையையும் எடுத்துவைத்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். சிஆர்சி பிழை (வந்த பாக்கெட் சரிபார்ப்பில் தவறுவது) ஏறிக்கொண்டே போனால் பிட்டுகள் வழியில் சிதைகின்றன. வெறும் பிங் போதாது, சின்னப் பாக்கெட் எப்படியும் தப்பித்துவிடும். 1400 பைட் அளவில் பிங் செய்யுங்கள், வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3ஐ இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். அனுப்புவது நன்றாகவும் பெறுவது மோசமாகவும் இருப்பது இங்கே சகஜம்.

அப்புறம் அந்தப் பிரபலமான யோசனை: "100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடு, சரியாயிடும்." சோதனைக்கு நல்ல யோசனைதான், செய்யும் விதம்தான் தவறாகிறது. ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வதை) அணைத்துவிட்டு 100 ஃபுல் என்று அடித்து வைத்தால் எதிரில் உள்ள சுவிட்சுக்கு வேகம் புரியும், டூப்ளெக்ஸ் புரியாது. அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே பேசும், இன்னொரு பக்கம் அதை மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்தும். பிங் பிரமாதமாக இருக்கும், ஃபைல் காப்பி ஊர்ந்து போகும். நெகோஷியேஷனை விட்டுவைத்து, 100 ஃபுல்லை மட்டும் அறிவிக்கும்படி ஈத்டூலில் சொல்லுங்கள்.

100ல் ஒரு குறையும் இல்லை, 1000ல் லிங்க் ஏறியும் பாக்கெட் வரவில்லை, கேபிளை மாற்றியும் அதே கதை என்றால் போர்டின் உள்ளேயே காரணம் இருக்கலாம். பிராசஸருக்கும் ஈதர்நெட் சிப்புக்கும் இடையில் ஜிகாபிட்டில் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஓடும், அது டேட்டாவிலிருந்து சுமார் 2 நானோநொடி தள்ளி வர வேண்டும். இந்தத் தாமதத்தைப் பல போர்டுகளில் டிவைஸ் ட்ரீதான் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் ஃபைல்) சொல்கிறது. கர்னல் அப்டேட்டில் அது மாறிவிட்டால் நேற்று வரை ஓடிய போர்டு இன்று ஊமையாகும். 100ல் கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அந்தப் பிசகு தெரிவதில்லை. பழைய கர்னலுக்குத் திரும்பிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

வேலை நடக்கும்போது அறுவதில்லை, சும்மா இருக்கும்போதுதான் அறுகிறது என்றால் மின்சாரம் மிச்சப்படுத்தும் இஇஇ வசதியைச் சந்தேகியுங்கள். சில சிப்பும் சில சுவிட்சும் சேர்ந்தால் தூங்கிய லிங்க் சரியாக எழுவதில்லை. ஈத்டூலிலேயே அணைக்கலாம்.

லிங்க் விழவே இல்லை, ஐபிதான் மாறுகிறது என்றால் இரண்டைப் பாருங்கள். சில போர்டுகளுக்கு நிலையான மேக் முகவரி (நெட்வொர்க்கில் சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) கிடையாது, ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கையால் ஒன்றை நிர்ணயித்துவிடுங்கள். ஒரே எஸ்டி கார்டை நகலெடுத்துப் பல போர்டில் போட்டிருந்தால் மெஷின் ஐடியும் (ஓஎஸ் தனக்கு வைத்துக்கொள்ளும் அடையாள எண்) நகலாகியிருக்கும். நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி அதை வைத்துத்தான் ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் சொல்கிறது, அதனால் இரண்டு போர்டு ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். நகலெடுத்த ஒவ்வொரு கார்டிலும் அந்த ஐடியை அழித்துப் புதிதாக உருவாக்க வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் போர்டின் ஈதர்நெட் போர்ட்டே அடிபட்டிருக்கலாம், குறிப்பாகக் கேபிள் கட்டடத்துக்கு வெளியே ஓடி, இடி மின்னலுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால். ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை அதே போர்டில், அதே கேபிளில் மாட்டிச் சில நாள் ஓட விடுங்கள். அதில் ஒரு தடவைகூட அறவில்லை என்றால் உள்ளிருக்கும் போர்ட்டை மறந்துவிட்டு அடாப்டரோடே தொடரலாம், போர்டை மாற்றத் தேவையில்லை. வெளியே ஓடும் அந்தக் கேபிளுக்கு மட்டும் சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதை முறையாக எர்த் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இந்த அடாப்டரும் போகும்.