முதலில் உதையுங்கள், அப்புறம் மடங்கும்

திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். குறுவை நடவின்போது வரப்பில் வழுக்கி விழுந்து முட்டிச் சில்லு உடைந்த அக்கா ஒருவருக்கு, ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். முட்டி மடங்கவில்லை. பிசியோதெரபிஸ்டான நான் போனபோது அவரைத் திண்ணையில் குப்புறப் படுக்கவைத்து, வீட்டுக்காரர் குதிகாலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "மடக்குனாதானே தம்பி மடங்கும்?" என்றார் அவர்.

அக்கறையில்தான் செய்கிறார். ஆனால் வலி வரப்போகிறது என்று தெரிந்தாலே தசை இன்னும் இறுகிக்கொள்ளும்.

அக்காவைத் திண்ணை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தேன். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி 60 டிகிரி காட்டியது; கால் நேராக இருந்தால் 0. கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்கம் கையை வைத்து, "என் கையை மெதுவா உதைங்கக்கா, கால்வாசி பலம் போதும்" என்றேன். கால் அசையாதபடி பிடித்துக்கொண்டேன். ஆறு எண்ணும்வரை தொடையின் முன்தசை கெட்டியாக நின்றது. "இப்ப விட்டுடுங்க, மூச்சை வெளிய விடுங்க." தசை தளர்ந்ததும் குதிகாலை உள்ளே தள்ளினால், இழுவை தெரிகிறது, வலி இல்லை. அங்கேயே 20 விநாடி. அடுத்த சுற்றில் அவரே குதிகாலைச் சுவர்ப் பக்கம் இழுத்தார். ஐந்து சுற்று முடிந்தபோது 68 டிகிரி.

இது பி.என்.எஃப். (Proprioceptive Neuromuscular Facilitation) என்ற பயிற்சி முறையின் ஒரு பகுதி. 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவரும் மார்கரெட் நாட் என்ற பிசியோதெரபிஸ்டும் வளர்த்தெடுத்தது. தசைநாணில் இருந்து இழுவிசையை உணரும் கோல்ஜி உணர்விகள்தான் தசையைத் தளர்த்துகின்றன என்று படித்தோம். நீட்சியைத் தாங்கும் அளவு கூடுவதே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. வலியும் பயமுமாக இருந்தால் அந்தத் தாங்கும் அளவு எப்படிக் கூடும்? அழவைத்து மடக்குவது எனக்கு அறவே பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆள் துணை இல்லாவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலை வலிக்கிற காலின் முன்னால் குறுக்கே போட்டுக்கொண்டு அதன்மேல் உதையுங்கள். பிறகு தளர்த்தி, நல்ல காலாலேயே மெதுவாக உள்ளே தள்ளுங்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சை அடக்க மாட்டீர்கள். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகே இதைத் தொடங்க வேண்டும். மூட்டு சூடாக வீங்கியிருந்தாலோ கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ செய்யக்கூடாது, உடனே காட்டுங்கள். முழங்கை விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன்: அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு உருவாதீர்கள், பலவந்தமாக நீட்டாதீர்கள். தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளலாம். பிசியோதெரபிக்கு அலைய முடியாதவர்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதில் வீட்டுக்கே வந்து சிகிச்சை தருகிறார்கள்.

இப்போது வீட்டுக்காரர் ஆறு எண்ணுகிறார், அக்கா உதைக்கிறார். போன வாரம் 95 டிகிரி. "சம்பாவுக்கு நாத்துப் பறிக்க உக்காரலாமா தம்பி?" என்று கேட்டார். குத்தவைக்க 120க்கு மேல் வேண்டும். குறுவை அறுத்த பிறகு நடும் தாளடிக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.