இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் காட்டிக்கொடுத்த புற்றுநோய்

2008-ல் கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களை அலசிய அமெரிக்க ஆய்வாளர்களுக்கு, எதிர்பாராத இடத்தில் ஒரு பிழை அகப்பட்டது. ஐடிஎச்1 என்ற மரபணுவில்தான் அது. செல்லுக்குள் ஐசோசிட்ரேட் என்ற சேர்மத்தை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற இன்னொன்றாக மாற்றும் சாதாரண நொதி ஒன்றுக்கான மரபணு இது. பிழை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்திருந்தது. 132-ஆவது அமினோ அமிலமாக அர்ஜினின் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருந்தது.

நொதி செயலிழந்துவிட்டது என்றே முதலில் கருதினார்கள். ஆனால் வெறுமனே கெடுவதற்குப் பிழை எங்கே விழுந்தாலும் போதுமே, ஏன் எப்போதும் அதே இடம்? மரபணு வரிசையை எத்தனை முறை படித்தாலும் இதற்கு விடை வராது. செல்லுக்குள் எந்தெந்தச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாக வேண்டும்.

அளப்பதற்கு முன் செல்லை உறைய வைக்க வேண்டும். வளர்சிதை மாற்றம் நொடிக்கு நொடி மாறுவது; செல்கள் வளரும் தட்டை வெளியே எடுத்து யோசித்துக்கொண்டிருந்தால், அதற்குள் சேர்மங்களின் அளவு மாறிவிடும். அதனால் வளர்ப்புத் திரவத்தை வடித்த கையோடு மைனஸ் 80 டிகிரியில் குளிரவைத்த மெத்தனால் கலவையை ஊற்றுவார்கள். நொதிகள் அந்த நிமிடமே நின்றுவிடும். செல்களைச் சுரண்டியெடுத்து, சுழற்றி, தெளிந்த நீரை மட்டும் குரோமட்டோகிராஃபி குழாய்க்குள் செலுத்துவார்கள். சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியேறும்போது மின்னூட்டம் ஏற்றி, நிறைமானியில் எடை பார்ப்பார்கள்.

2009-ல் விடை கிடைத்தது. பிழையுள்ள நொதியைக் கொண்ட செல்களில், நிறைமானி வரைபடத்தில் 147 என்ற எடையில் ஒரு முகடு ஓங்கி நின்றது. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் அயனியின் எடை 145. கூடுதலான 2, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். நொதி ஓய்ந்துவிடவில்லை, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டையே எடுத்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக மாற்றும் புதிய வேலையைக் கற்றிருந்தது. நோயாளிகளின் கட்டிகளில் அது 100 மடங்கு வரை குவிந்திருந்தது. டிஎன்ஏவில் மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளை இந்தச் சேர்மம் முடக்குகிறது. அதனால் செல் முதிர்ச்சியடையாமல் தங்கிவிடுகிறது.

எடை மட்டும் போதாது என்பதும் இங்கே முக்கியம். இச்சேர்மத்துக்கு வலது, இடது என இரண்டு கண்ணாடி வடிவங்கள் உண்டு. எடை இரண்டுக்கும் ஒன்றுதான். பிழையுள்ள நொதி உண்டாக்குவது ஒரு வடிவத்தை மட்டுமே. அதைத் தனியே அறிய, நிறைமானிக்கு முன்பே இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

இச்சேர்மத்தின் கார்பன் எங்கிருந்து வருகிறது? குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தின் ஐந்து கார்பன்களையும் சற்றே கனமான கார்பன்-13 ஆக மாற்றிச் செல்லுக்கு உணவாகக் கொடுத்தால், 147-ல் இருந்த முகடு 152-க்கு நகர்கிறது. அப்படியானால் மூலப்பொருள் குளூட்டமின். இதே உத்தியில் கன குளுக்கோஸைக் கொடுத்தால் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் அயனி) 89-லிருந்து 92-க்குப் போகும். புற்றுநோய்த் திசு சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிக் கொட்டுவதை 1920-களிலேயே பெர்லினில் ஓட்டோ வார்பர்க் அளந்தார். அவர் கையிலிருந்தது வாயு அழுத்தமானி. எந்தக் கார்பன் எங்கே போகிறது என்று பின்தொடர அது உதவாது.

பிழையுள்ள ஐடிஎச்1 நொதியைத் தடுக்கும் ஐவோசிடெனிப், ரத்தப் புற்றுநோய்க்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெதுவாக வளரும் கிளியோமா என்ற மூளைக் கட்டிக்கு வோராசிடெனிப் 2024-ல் வந்தது. மருந்து நொதியைத் தடுக்கிறதா என்று பார்க்க, ரத்தப் புற்றுநோய் நோயாளியின் ரத்தத்தில் அதே 147-ஐத்தான் அளக்கிறார்கள். ரத்தப் புற்றுநோயில் அந்த அளவு நன்றாகக் குறைந்தும் நோய் அடங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய செல்கள் வேறு எந்த வழியில் பிழைக்கின்றன என்பதுதான் எனக்கு இந்தத் துறையின் மிக அவசரமான கேள்வியாகப் படுகிறது.