கடைசியில் ஏறிய எலக்ட்ரான்

ஒரு மாணவி கேட்டிருந்தார்: "இரும்பு அணு 3டி⁶ 4எஸ்². எஸ் நிரம்பிய பிறகுதானே டி நிரம்புகிறது? இரும்பு +2 ஆகும்போது கடைசியில் ஏறிய டி எலக்ட்ரான்கள்தானே இறங்க வேண்டும்? விடை ஏன் டி⁴ இல்லை?"

(3டி, 4எஸ் என்பவை எலக்ட்ரான்கள் தங்கும் ஆர்பிட்டல்கள்; மேலே உள்ள சிறு எண் அங்கே எத்தனை எலக்ட்ரான் என்று சொல்கிறது.) இதைக் கேட்காமலே மதிப்பெண் வாங்கியவன் நான்.

சூத்திரம் சின்னது. இரும்பு போன்ற இடைநிலை உலோகத்தின் சேர்மத்தில், தனிம அட்டவணைத் தொகுதி எண்ணிலிருந்து உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணை (அது இழந்ததாகக் கணக்கில் கொள்ளும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை) கழித்தால் டி எலக்ட்ரான் எண்ணிக்கை. பொட்டாசியம் பெர்ரோசயனைடில் 4 பொட்டாசியம் +4, 6 சயனைடு −6, ஆக இரும்பு +2. இரும்பு 8ஆம் தொகுதி. 8 − 2 = 6. அவ்வளவுதான்.

சரி, அந்த எஸ் எலக்ட்ரான்கள்? பொட்டாசியம், கால்சியம் வரை 4எஸ் ஆற்றலில் தாழ்ந்தது. அணுக்கருவில் புரோட்டான்கள் கூடக் கூட, உள்ளடங்கிய 3டி கீழே இழுக்கப்படுகிறது. ஸ்காண்டியத்திலேயே 3டி தாழ்ந்துவிடுகிறது. அப்புறமும் ஏன் 4எஸ்ஸில் ஆள் இருக்கிறது? 3டி நெருக்கடியான இடம். அங்கே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பலமாக விலக்குகின்றன. அதனால் இரண்டு, வெளியே விரிந்து கிடக்கும் 4எஸ்ஸில் தங்கிக்கொள்கின்றன. அயனியாகும்போது மேலே, தளர்வாக இருக்கும் அவைதான் முதலில் போகும். ஏறிய வரிசைக்கும் இறங்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நிக்கல் டெட்ராகார்பனைல். 1890இல் மோண்ட் குழுவினர் கண்டறிந்த சேர்மம். இதில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற எண் பூஜ்யம், எதையும் இழக்கவில்லை. தனி அணுவில் 3டி⁸ 4எஸ்². சேர்மத்திலோ டி¹⁰! ஈனிகள் (உலோகத்தைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்; இங்கே கார்பன் மோனாக்சைடு) தம் எலக்ட்ரான் இணைகளோடு நெருங்கும்போது, அகன்ற 4எஸ் அவற்றோடு நன்றாக மோதி மேலே தள்ளப்படுகிறது. அங்கிருந்த இரண்டும் டியில் வந்து ஒடுங்குகின்றன. தொகுதி எண்ணை முழுசாக டி கணக்கில் எழுதத் துணிவது இதனால்தான். பாடநூல்கள் இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

ஈனியின் மின்சுமையே சந்தேகமானால் கழித்தல் தடுமாறும். ஆக்சிஹீமோகுளோபினில், அதாவது ஆக்சிஜனை ஏந்திய ஹீமோகுளோபினில், இணையற்ற எலக்ட்ரான் இல்லை என்று 1936இல் வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியெலும் அதன் காந்தத்தன்மையை அளந்து காட்டினார்கள். பாலிங் இரும்பு +2 என்றார்: டி⁶, எல்லாம் இணைகளாக. 1964இல் வைஸ் மறுத்தார். அவர் கணக்கில் இரும்பு +3, டி⁵. அதில் தனித்திருக்கும் ஒன்று, இரும்பிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி சூப்பராக்சைடாக மாறிய ஆக்சிஜனின் தனி எலக்ட்ரானோடு இணைகிறது. இரண்டிலும் காந்தமானி ஒரே விடையைத்தான் காட்டும்.