மாரி வருமுன் கடையின் மொட்டைமாடியில் ஒருதரம் ஏறுங்கள்

கல்முனையில் ஒரு புடவைக்கடை. மூன்று வருடத்துக்கு முந்திய டிசம்பரில், இரவு எட்டரை மணிக்கு முதலாளி கோல் எடுத்தார். "தம்பி, மேல்தட்டில சாரி வச்ச பக்கம் முழுக்க ஒழுகுது. நாளைக்கே ஆளை அனுப்பி வோட்டர் புரூஃப் அடிச்சுத் தாங்க."

காலையில் போனபோது மழை விட்டிருந்தது. மொட்டைமாடிக் கதவைத் திறந்தால் முன்னால் ஒரு குளம். கணுக்கால் மூழ்கத் தண்ணீர். மூலையில் இருந்த குழாய் வாயைக் காலால் தடவித் தேடி, கையை விட்டு இழுத்தேன். வந்தது பொலித்தீன் உறை. சாரி பொதிந்து வரும் அதே உறை, வேப்பஞ்சருகோடு சேர்ந்து பந்தாகச் சுருண்டு கிடந்தது. எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. வடிந்த பிறகு கூரை முழுக்கக் குனிந்து பார்த்தேன். சொல்லும்படியாக ஒரு வெடிப்பும் இல்லை. கைப்பிடிச் சுவரில் ஏசி குழாய் போகத் துளைத்த ஓட்டை வழியாகவும், படிக்கட்டுக் கதவின் நிலைக்கு அடியாலுமே தண்ணீர் உள்ளே போயிருந்தது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறாமல் இருந்திருந்தால் அவை இரண்டும் யாருக்கும் தொந்தரவு தந்திருக்காது.

பூச்சு அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு என் தொழில்மேல் சந்தேகமே வந்துவிட்டது!

இருபது வருடமாக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கட்டட வேலை பார்க்கிறேன். என்னை ஒழுக்குக்குக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலானவை இந்த மாதிரித்தான். விழுகிற மழையை நம் கூரைகள் தாங்கும். வெளியே போக வழியில்லாமல் நிற்கிற தண்ணீர்தான் அவற்றைக் கெடுக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 200 சதுர மீற்றர் மொட்டைமாடியில், வாடைக்காலத்தில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 20,000 லீற்றர், அதாவது 20 தொன். குழாய் அடைபட்டிருந்தால் அவ்வளவும் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். கனடாவில் இருக்கும் என் மச்சான் அங்கே பனியின் பாரத்தை நினைத்துக் கூரையை ஆயத்தம் செய்வதாகச் சொல்வான். எங்களுக்கு வானத்திலிருந்து வரும் பாரம் தண்ணீராக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தையும் இங்கே யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை.

ஆகவே வேலையை வறண்ட கச்சான் காற்று வீசும் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே முடியுங்கள். "மழை வரட்டும், எங்க ஒழுகுது எண்டு பார்த்துட்டுச் செய்வம்" என்பவர்கள் ஈரக் கொங்கிரீட்டில் பூச்சு அடிக்க வைக்கிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலுக்கு ஆவியாகிக் கொப்புளம் போட்டு, அடுத்த வருடமே பூச்சு தோலாக உரிந்து வரும். காய்ந்துவிட்டதா என்று தெரிய, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள்.

பூச்சுக்கு முன்னால் சரிவு. மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத சரிவு குழாய் வாயை நோக்கி இருக்க வேண்டும். இதற்கு மட்டம் பிடிக்கும் கருவி தேவையில்லை. மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துச் சோக்குக் கட்டியோடு ஏறி, தேங்கி நிற்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்த வட்டங்கள்தான் மேசன் முதலில் சீமெந்துக் கலவை போட்டுச் சரிவாக்க வேண்டிய இடங்கள். குழாய் வாய்க்குத் தட்டையான சல்லடை போடாதீர்கள். ஒரே ஒரு தேக்கிலை போதும் அதை மூட. கூடை மாதிரி மேலே எழும்பிய கம்பி வலை போடுங்கள். இன்னொன்று, கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலே, வீதிப் பக்கமாக ஒரு வெளியேற்றுக் குழாய் வையுங்கள். கீழ்வாய் அடைத்தால் தண்ணீர் அதன் வழியே வீதியில் கொட்டும். எதிர்க்கடைக்காரர் ஏசுவார். அந்த ஏச்சுத்தான் உங்களுக்கு அறிவித்தல்.

அப்புறம், எங்கள் ஊர்க் கடைகளுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு: மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டு நிற்கும் தூண் கம்பிகள். "மகன் தலையெடுத்த பிறகு மேல ஒரு தட்டுக் கட்டுவம்" என்று விட்டது. மகன் கட்டாருக்குப் போய்விட்டான், கம்பி நிற்கிறது. இரும்பு துருப்பிடித்தால் பழைய அளவில் நிற்காது, பல மடங்கு ஊதும். சுற்றியுள்ள கொங்கிரீட்டை அது பிளக்க, மழைத்தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூணுக்குள் இறங்கும். கீழ்த்தட்டில் தூண் உச்சியில் மண்நிறக் கறை கண்டால் இதுதான் சங்கதி. காத்தான்குடி, கல்லடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடத்தில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்கும். கம்பியைத் துரு போகத் தேய்த்து, சீமெந்துப் பால் பூசி, பின்னாளில் உடைத்தெடுக்கக்கூடியதாகச் சீமெந்து குறைத்துக் கலந்த கொங்கிரீட்டால் முழுக்க மூடிவிடுங்கள். செலவு சில மூடை சீமெந்து.

இப்போது பல கடைகளில் கூரையில் சோலார் வைக்கிறார்கள். அதைத் தாங்கும் ஒவ்வொரு காலுக்கும் கூரையில் ஒரு துளை. பொருத்த வருபவர்கள் மின்சாரத்தில் கெட்டிக்காரர்கள், தண்ணீரைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவதில்லை. துளைகளை எதனால் அடைத்தார்கள் என்று அவர்கள் இறங்குமுன்னே ஏறிப் பாருங்கள்.

தகரக் கூரையென்றால் கவலை தண்ணீரை விடக் காற்றைப் பற்றியது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பறந்த தகரத்தைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அது கூரையைத் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை நடுக்கூரையை விட ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் அதிகம். அதனால் அந்த இடங்களில் திருகாணியை நெருக்கிப் போட வேண்டும். ஆணித் தலைக்குக் கீழுள்ள ரப்பர் வாசர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், கல்லாக இருந்தால் மாற்றுங்கள். பழைய துளையில் அதே ஆணி பிடிக்காது, ஒரு அளவு பெரியது போட வேண்டும். வாசர் பிதுங்குமளவு முறுக்குவதும் தவறு.

அஸ்பெஸ்ரஸ் சீற் பற்றி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதில் நேரடியாகக் கால் வைக்காதீர்கள். பழைய சீற் எச்சரிக்கை தராமல் உடையும். சட்டத்துக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் நடங்கள். பாசியைக் கம்பித் தூரிகையால் நனைக்காமல் தேய்க்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

கடைசியாக, பஸார் கடைகளின் நடுப்பீலி. இரண்டு கடைக் கூரையும் ஒரே பீலியில் தண்ணீர் விடும், இரண்டு முதலாளியும் அதைத் துப்புரவு செய்யமாட்டார்கள். ஏறாவூர்ப் பக்கம் இப்படி ஒரு பீலிக்குள் ஆலங்கன்று இடுப்பளவு வளர்ந்து நின்றது. வேர் இரண்டு சுவருக்குள்ளும் போயிருந்தது. யாருடைய மரம் என்று அரை மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வெட்டினார்கள். இப்போது ஒரு வருடம் ஒருவர், மறு வருடம் மற்றவர் என்று முறை வைத்துப் பீலி அள்ளுகிறார்கள். இந்த வருட முறைக்காரர் போன கிழமையே ஆளை ஏற்றிவிட்டார்.